வேதசாட்சி என்னும் பெயர்

கிரேக்கத் திருச்சபை வழங்கிய 'மார்த்தீர்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பெயர் தேடிய நம் முன்னோர் 'வேதசாட்சி' என்றனர். பின்வந்தோர் அதனை 'மறைசாட்சி' என்று மாற்றினர். இரண்டிலும் சாட்சி என்னும் சொல் நிலைத்து நிற்கிறது; சாவைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. மூலச் சொல்லும் அத்தகையதே. வழக்கு மன்றத்தில் நின்று, தான் கண்டதைக் கண்டபடி உரைப்பவனுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் அது. அரபு மொழியின் 'ஷஹீத்' என்பதும் சாட்சி கூறுதலைக் குறிக்கும் வேரினின்று பிறந்ததே. 1693ஆம் ஆண்டு ஓரியூரில் வெட்டுண்ட புனித அருளானந்தரையும், 1752ஆம் ஆண்டு காற்றாடிமலையில் சுடப்பட்ட புனித தேவசகாயத்தையும் இப்பெயரால் அழைத்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு, அவர்கள் எவரையும் தம்மோடு சாவுக்கு இழுத்துச் செல்லவில்லை என்று தனியே எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எழுந்ததில்லை.

நமக்கு எழுந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21, ஆண்டவரின் உயிர்ப்பு ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்கள் ஆகியவற்றில் முதுகில் பை சுமந்த மனிதர்கள் தங்களைத் தாங்களே வெடித்துக்கொண்டனர். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடித்தவர்கள் தங்களைச் 'சாட்சிகள்' என்றே எண்ணி மடிந்தனர். அன்று இறந்த கத்தோலிக்கருள் 167 பேரின் பெயர்களை 2025ஆம் ஆண்டு உரோமை 'நம்பிக்கையின் சாட்சிகள்' வரிசையில் சேர்த்தது. ஒரே நொடியில், ஒரே கூரையின் கீழ், கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே பெயர் கோரப்பட்டிருக்கிறது. அப்பெயர் எவ்வாறு கொலைஞன் கைக்குப் போயிற்று என்று வினவுவது நம் கடமை என எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

இத்தகையோர் யார் என்று கேட்டால், நம்மிடையே ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. வறியவன், படிப்பறியாதவன், சித்தம் கலங்கியவன், மறுவுலக இன்பத்தை ஆசைகாட்டி ஏய்க்கப்பட்டவன் என்போம். அவ்விடையில் நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. அவன் நம்மைப் போன்றவன் அல்லன் என்று ஆகிவிடுகிறதன்றோ? ஆனால் ஆராய்ந்தோர் கண்டது வேறு.

இக்காலத்துத் தற்கொலைத் தாக்குதல்களின் வரலாறு லெபனான் நாட்டில் தொடங்குகிறது எனலாம். 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூத் நகரில் வெடிமருந்து ஏற்றிய இரு வாகனங்கள் 241 அமெரிக்கப் படையினரையும் 58 பிரெஞ்சுப் படையினரையும் கொன்றன. உலகம் உடனே இது இஸ்லாமிய வெறி என்று முடிவு கட்டிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் பேப் என்பவர், 1982 முதல் 1986 வரை லெபனானில் இவ்வாறு இறந்தவர்களின் பின்னணியைத் தேடினார். அடையாளம் தெரிந்த 38 பேருள் இஸ்லாமியத் தீவிரவாதிகள் எனத்தக்கோர் எண்மரே. 27 பேர் பொதுவுடைமை, சமதர்ம இயக்கங்களைச் சேர்ந்தவர்கள். மூவர் கிறிஸ்தவர்கள், அவர்களுள் ஒருவர் கல்லூரியில் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியை. 'மூவர் கிறிஸ்தவர்கள்' என்னும் இடத்தில் வாசகர் சற்றே நின்று செல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

காசா பகுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் பணியாளராக இருந்த நஸ்ரா ஹஸன் என்ற பாகிஸ்தானியப் பெண்மணி, 1996 முதல் 1999 வரை, இப்பணிக்கு முன்வந்தவர்கள், அனுப்பியவர்கள், பயிற்றியவர்கள் என ஏறத்தாழ 250 பேரிடம் பேசினார். எழுத்தறியாதவர் எவரும் இல்லை. அன்றாடச் சோற்றுக்கு வழியற்றவர் எவரும் இல்லை. மனம் சோர்ந்து வாழ்வை வெறுத்தவர் எவரும் இல்லை. கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைகளும் இருவர் இருந்தனர். கொழும்பிலும் அவ்வாறே. ஓட்டல்களில் வெடித்தவர்களுள் இருவர், வாசனைப் பொருள் ஏற்றுமதியில் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பமொன்றின் உடன்பிறந்தார். வேறொருவர் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர். 2005 ஜூலை 7 அன்று இலண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரின் தலைவனான முகமது சித்தீக் கான், தொடக்கப் பள்ளியொன்றில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணையாக இருந்து உதவியவன். பெற்றோர் அவனை மிகவும் மதித்தனர். இவ்வளவு ஏன்? 2001 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் வீழ்ந்த விமானத்தைக் கைப்பற்றி ஓட்டிய சியாத் ஜர்ரா, பெய்ரூத் நகரின் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றவன்.

அவ்வாறெனில் இவர்களை ஆக்குவது எது? ஹம்பர்க் நகரின் கதையைப் பார்ப்போம். முகமது ஆத்தா என்ற எகிப்தியன் அங்கே நகரமைப்பு பயின்றான். சிரியாவின் பழம்பெரும் நகரான அலெப்போவின் மரபுவழித் தெருக்கள் புதிய கட்டடங்களால் சிதைவதைப் பற்றியே அவன் ஆய்வேடு எழுதினான். ஜர்ரா வானூர்திப் பொறியியல் படிக்க வந்தான். ஏமன் நாட்டிலிருந்து ஒருவன், ஐக்கிய அரபு நாட்டிலிருந்து ஒருவன். அயல்நாட்டில் தனித்து நின்ற மாணவர்கள் தொழுகைக்காகக் கூடினர். கூடியவர்கள் சேர்ந்து சமைத்து உண்டனர். சிலர் ஒரே வீட்டில் தங்கினர். நாள்தோறும் தம் மக்களின் துயரங்களையே பேசினர். செச்சென்யாவுக்குப் போய்ப் போரிடுவது என்று புறப்பட்டவர்கள் 1999இன் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்கு வேறு வேலை ஆயத்தமாக இருந்தது.

மனநல மருத்துவரான மார்க் சேஜ்மன், இத்தகைய 172 பேரின் வாழ்க்கையைத் திரட்டி 2004இல் நூல் ஒன்று எழுதினார். போதனையைக் கேட்டுக் கூட்டத்தில் சேர்ந்தவர்களைவிட, நண்பன் சேர்ந்தான், அண்ணன் சேர்ந்தான், அதனால் நானும் சேர்ந்தேன் என்பவர்களே பெரும்பாலோர் என்பது அவர் கண்டது. கொள்கை பின்னர் வருகிறது. தோழமை முன்னே வருகிறது. பீடச் சிறுவராகவும் மரியாயின் சேனையிலும் இளைஞர் குழுக்களிலும் வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுப்போம் என்று கூறும் பத்து இளைஞர் நடுவே இருப்பதன் இனிமையை நாமும் ஓரளவு அறிவோம்.

தோழமை இழுத்து வந்தவனைக் கடைசி வரை நிறுத்தி வைப்பது ஏற்பாடு. இஸ்ரேலிய உளவியலறிஞர் அரியேல் மெராரி, வெடிக்கத் தவறிச் சிறைப்பட்டவர்களை நேரில் ஆராய்ந்தார். அவர்களுள் பலர் சீற்றம் கொண்ட வீரர்கள் அல்லர். பிறர் சொல்லைத் தட்ட மாட்டாத, தயக்கமும் சார்பும் மிகுந்த இயல்பினர். பலருக்குக் கடைசி நேரத்தில் நெஞ்சு பதறியிருக்கிறது. அப்பதற்றத்தை வெல்லவே ஒரு சடங்கு வகுக்கப்பட்டது. புறப்படுவதற்கு முன் துப்பாக்கியும் மறைநூலும் ஏந்தி ஒளிப்படக் கருவியின் முன்னே நின்று இறுதி மொழி கூற வேண்டும். பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்நொடியிலிருந்து அவன் பெயர் 'வாழும் சாட்சி'. இனி அவன் வீடு திரும்பினால் கோழையாக மட்டுமே திரும்ப முடியும். ஊரார் பார்க்கப் போகும் படத்தில் அவன் ஏற்கெனவே இறந்துவிட்டான்.

இவ்விடத்தில் சொற்கள் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். இஸ்லாம் தற்கொலையைப் பெரும் பாவமாகத் தடுத்துள்ளது; நம் திருச்சபையைப் போலவே. ஆகவே அனுப்புவோர் தற்கொலையைக் குறிக்கும் 'இந்திஹார்' என்னும் அரபுச் சொல்லை விலக்கி, 'இஸ்திஷ்ஹாத்', அதாவது சாட்சியாக மடியத் தேடுதல் என்று பெயர் மாற்றினர். நம் மொழியிலும் இது நடந்தது. 1987 ஜூலை 5 அன்று நெல்லியடியில் வெடிமருந்து வண்டியை இராணுவ முகாமுக்குள் ஓட்டிச் சென்று மடிந்தவனை முதல்வனாகக் கொண்டு விடுதலைப் புலிகள் கரும்புலிகள் என்னும் பிரிவை வளர்த்தனர். அவர்கள் மறுவுலகம் எதனையும் வாக்களிக்கவில்லை. எனினும் தற்கொலை என்னும் சொல்லை அவர்களும் பொறுக்கவில்லை, 'தற்கொடை' என்றனர். இறந்தோரைப் புதைத்தோம் என்னாது விதைத்தோம் என்றனர். மறைசாட்சியரின் இரத்தத்தை வித்துக்கு ஒப்பிட்டவர் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியானார். அவரைக் கேள்விப்படாதவர்களும் அதே உவமையை அடைந்தனர் என்றால், சாவை விளைச்சலாகக் காண விழையும் ஆசை மனித நெஞ்சில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது! கொலை என்பது கொடை என்று ஆனபின், கூடவே சாகும் மற்றவர்கள் அச்சொல்லில் எங்கேயும் இல்லாமல் போய்விடுகின்றனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியுடன் இறந்த காவலரும் பொதுமக்களும் யாருடைய கொடை?

பேராசிரியர் பேப், 1980 முதல் 2003 வரை உலகெங்கும் நிகழ்ந்த 315 தாக்குதல்களைத் தொகுத்தார். தம் மண்ணில் அயற்படை நிற்பதே இவற்றுக்கு மூல காரணம், சமயம் பின்னணியே என்பது அவருடைய முடிவு. லெபனானுக்கும் பாலஸ்தீனத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். முழுமையான விளக்கமாக நமக்குத் தோன்றவில்லை. கொழும்புத் தாக்குதல்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியில் பிறந்தவன், தமிழில் உரையாற்றியவன். அவ்வூரில் எந்த அந்நியப் படை நின்றது? காத்தான்குடிக்கு ஒரு காயம் உண்டு. அதனைத் தமிழராகிய நாம் மறைத்தல் ஆகாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஆயினும் சஹ்ரான் தன் சினத்தை முதலில் காட்டியது புலிகள் மீதன்று, கிறிஸ்தவர் மீதுமன்று. தன் ஊரின் சூபி நெறி முஸ்லிம்கள் மீது. 2017இல் அவர்களோடு மோதிய பின்னரே தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. முறையீடு கேட்கப்படவில்லை. பிறரை வெறுக்கும் முன் தன்னவருள் தூய்மை போதாதவரை வெறுக்கும் இம்முறையை மறந்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் வேறோரிடத்தில் இதனையே காண்போம்.

எல்லாரும் விரும்பி வந்தவர்களும் அல்லர். நைஜீரியாவின் வடகிழக்கில் போக்கோ ஹராம் கூட்டத்தினர் 2014 முதல் சிறுமியரின் உடலில் வெடிகுண்டைக் கட்டிச் சந்தைகளுக்கு அனுப்பினர். 2017ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட சிறார் இவ்வாறு பயன்படுத்தப்பட்டனர். இவர்களையும் கொலைஞர் பட்டியலில் எழுதுவது பெரும் அநீதி.

பழைய காலத்துக்குச் செல்வோர் வழக்கமாகப் பாரசீகத்தின் அலமூத் கோட்டையில் நின்றுவிடுவர். 1090இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஹஸன் சப்பாஹ் அனுப்பிய 'பிதாயீ' வீரர்கள் குறுவாள் ஒன்றையே கொண்டு அமைச்சர்களையும் அரசர்களையும் குத்தி, தப்ப முயலாமல் மடிந்தனர். அவர்கள் போதைப் பொருளால் மயக்கப்பட்டனர் என்னும் கதையை மேலைநாட்டுப் பயணிகள் பரப்பினர். அதற்குச் சான்று இல்லை. குறி வைத்தவனை மட்டுமே அவர்கள் கொன்றனர்; கூட்டத்தைக் கொல்லவில்லை. நாம் அங்கே நில்லாமல் இன்னும் எழுநூறு ஆண்டுகள் பின்னே, நம்முடைய வீட்டுக்கே செல்ல விரும்புகிறோம்.

நான்காம் நூற்றாண்டின் வட ஆப்பிரிக்கா. இன்றைய அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதி அன்று நுமீதியா எனப்பட்டது. தியோக்கிளேசியன் பேரரசன் 303இல் தொடங்கிய கலாபனையில் சில ஆயர்கள் திருநூல்களை அரசு அலுவலரிடம் ஒப்படைத்து உயிர் தப்பினர். கலாபனை ஓய்ந்ததும் 'ஒப்படைத்தவர்' என்னும் வசை எழுந்தது. அத்தகையவர் கைபட்ட அருட்பொழிவு செல்லாது என்று கூறிப் பிரிந்தவர்கள், தங்கள் தலைவர் தொனாத்துவின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டனர். தாங்களே தூய திருச்சபை, மறைசாட்சியரின் திருச்சபை என்றனர். அவர்களுடைய வழிபாட்டின் நடுநாயகம் மறைசாட்சியரின் கல்லறைகளே.

அக்கூட்டத்தின் ஓரத்தில் தோன்றியவர்களை வரலாறு 'சிர்க்கும்செல்லியர்' என்கிறது. அறைகளைச் சுற்றித் திரிவோர் என்பது பொருள். அவ்வறை தானியக் களஞ்சியமா, மறைசாட்சியர் கல்லறைக் கோயிலா என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. இரண்டும் பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர்கள் ஒலிவத் தோட்டங்களிலும் கோதுமை வயல்களிலும் கூலிக்கு உழைத்த ஏழைகள். அக்சிதோ, பாசிர் என்னும் தலைவரின் கீழ் கடன் பத்திரங்களைப் பறித்தனர். வண்டியில் செல்லும் நிலக்கிழாரை இறக்கி, அவருடைய அடிமையை ஏற்றி அமர்த்தி, நிலக்கிழாரை வண்டியின் முன்னே ஓடச் செய்தனர். இதனைக் குற்றமாக எழுதி வைத்தவர் மிலேவு நகர ஆயர் ஒப்தாத்து. அடிமை எழுதியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பான். தங்களைக் 'கிறிஸ்துவின் போர்வீரர்' என அழைத்துக்கொண்டனர். வாளை எடுக்க வேண்டாம் என்று ஆண்டவர் பேதுருவைத் தடுத்ததால், வாளை விடுத்துத் தடியை எடுத்தனர். அத்தடிக்கு 'இஸ்ரயேல்' என்று பெயரிட்டனர். 'இறைவனுக்குப் புகழ்' என்னும் அவர்களுடைய முழக்கம் கேட்டால் கத்தோலிக்கர் வீடுகள் தாழிடப்பட்டன. குருக்களின் கண்களில் சுண்ணாம்பும் புளிக்காடியும் கலந்து ஊற்றினர். பாகாய் நகரக் கத்தோலிக்க ஆயர் மாக்சிமியானை அடித்துக் கோபுரத்திலிருந்து வீசினர். அவர் குப்பைமேட்டில் விழுந்து பிழைத்தார். புனித அகுஸ்தீனாருக்கே ஒரு முறை வழியில் பதுங்கிக் காத்திருந்தனர். வழிகாட்டி தவறிப்போய் வேறு சாலையில் அழைத்துச் சென்றதால் அவர் நமக்கு மிஞ்சினார்.

கொன்றதைப் போலவே சாகவும் செய்தனர். புறச்சமயத்தார் திருவிழாவில் நுழைந்து தங்களைக் கொல்லுமாறு சினமூட்டுவர். வழிப்போக்கரை மறித்து, 'எங்களை வெட்டு, இன்றேல் உன்னை வெட்டுவோம்' என அச்சுறுத்துவர். எவரும் கிடைக்காதபோது பாறை உச்சியிலிருந்து குதிப்பர். தெயோதோரேத்து என்ற சீரிய நாட்டு ஆயர் ஒரு செய்தி கூறுகிறார். இவர்களிடம் அகப்பட்ட இளைஞன் ஒருவன், 'உங்களுள் சிலரைக் கொன்றபின் மற்றவர் மனம் மாறி என்னைக் கொன்றுவிட்டால் என் செய்வேன்? முதலில் எல்லாரையும் கட்டிவிடுகிறேன்' என்றானாம். அவர்களும் இசைந்து கட்டுண்டனர். அவன் நன்றாக அடித்துவிட்டுத் தன் வழியே போனான். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த இளைஞரின் தாய்மார் சிரித்திருக்க மாட்டார்கள்.

இவர்களைப் பற்றி எழுதியோர் அனைவரும் இவர்களின் எதிரிகள் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். மிகைப்படுத்தியவை இருக்கும். எனினும் எதிரிகளே தம்மையறியாமல் காட்டும் சில உண்மைகள் உண்டு. பேரரசு 347இல் படையுடன் ஆணையரை அனுப்பித் தொனாத்தியரை ஒடுக்கியது, பலர் மாண்டனர், அவ்விரத்தம் புதிய கல்லறைகளையும், கல்லறைகள் புதிய சாட்சிகளையும் ஈன்றன. தொனாத்திய ஆயர்கள் சிலரே இக்கூட்டத்தை அடக்க மாட்டாமல் அரசு அதிகாரியிடம் முறையிட்டனர். கொல்லப்பட்டவர்களைக் கோயிலுக்குள் அடக்கம் செய்யலாகாது என்றும் தடுத்தனர். எரியும் நெருப்பை ஏவிவிட்டவர் கையும் சுட்டது. கடனால் நசுங்கிய உழவன், மாசற்ற கூட்டத்தில் தானும் ஒருவன் என்னும் பெருமிதம், முன்னே இறந்த தோழனின் கல்லறையில் ஆண்டுதோறும் நிகழும் விழா, அரசின் கொடுமை ஆகிய நான்கையும் பெய்ரூத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் சுருங்கிவிடுகின்றன.

திருச்சபை இதற்கு முன்பே இதனைப் பற்றித் தயக்கம் கொண்டிருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர ஆயர் புனித பொலிக்கார்ப்புவின் சாவை விவரிக்கும் மடல், குயிந்து என்பவன் தானே முன்வந்து பிடிபட்டு, விலங்குகளைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்கியதை எடுத்துக்கூறி, வலிய முன்செல்வதை நாங்கள் புகழ்வதில்லை என்னும் கருத்தை எழுதுகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு எல்வீரா சங்கம், சிலைகளை உடைக்கப் போய்க் கொல்லப்பட்டவனை மறைசாட்சியர் வரிசையில் சேர்க்கலாகாது என விதித்தது.

அகுஸ்தீனார் மேலும் சென்றார். ஒருவன் எவ்வளவு துன்பம் பட்டான் என்பதைக் கொண்டு அவனை மறைசாட்சி என்றுவிட முடியாது. எதன் பொருட்டுப் பட்டான் என்பதே அளவுகோல் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். சரியான சொல்தான். ஆனால் தன் நோக்கம் நேர்மையானதன்று என ஒப்புக்கொண்டு எவன் வெடிக்கிறான்? மேலும், முதலில் வற்புறுத்தலை எதிர்த்த அகுஸ்தீனார், பின்னர் தொனாத்தியரை அரசுச் சட்டத்தால் திருப்பிக் கொணர்வதை ஆதரித்தார். விருந்துக்கு அழைக்கும் உவமையின் சொல்லையே அதற்குச் சான்றாக்கினார். அச்சான்றைப் பிற்காலத்தவர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை நாம் அறிவோம். அவரிடம் நமக்குள்ள பற்று, அதனை மறைக்கும்படி நம்மைத் தூண்டலாகாது.

அவரிடமிருந்து நாம் பெறத்தக்கது வேறொரு கடிதத்தில் இருக்கிறது. 411ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் இரு தரப்பு ஆயர்களும் கூடி வழக்காடினர். பேரரசின் ஆணையரான மர்செல்லீனு கத்தோலிக்கர் பக்கம் தீர்ப்பளித்தார். அதன் பின், இப்போ நகரைச் சார்ந்த பகுதியில் சிர்க்கும்செல்லியரும் சில தொனாத்தியக் குருக்களும் ரெஸ்தித்தூத்து என்ற கத்தோலிக்கக் குருவைக் கொன்றனர். இன்னோசெந்து என்ற மற்றொரு குருவின் கண்ணைப் பிடுங்கி, விரலைத் துண்டித்தனர். கொலைஞர் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். உயிருக்கு உயிர், கண்ணுக்குக் கண் என்று தண்டனை வருவது உறுதி. அப்போது ஆயர் அகுஸ்தீனார் மர்செல்லீனுவுக்கு எழுதினார். இவர்களைக் கொல்ல வேண்டாம், உறுப்புகளைச் சிதைக்கவும் வேண்டாம். பயனுள்ள ஏதேனும் வேலையில் ஈடுபடுத்துங்கள் என மன்றாடினார். தம் ஊழியர் பட்ட பாடு, பகைவரின் குருதியால் பழிதீர்க்கப்பட்டால் மாசுபட்டுவிடும் என்பது அவர் கருத்து. இரு ஆண்டுகள் கழித்து மர்செல்லீனுவே பொய்க் குற்றச்சாட்டில் தலை வெட்டுண்டு இறந்தார். திருச்சபை அவரை மறைசாட்சியாக வணங்குகிறது.

அகுஸ்தீனாரின் இப்போ, இன்று அல்ஜீரியாவின் அன்னாபா நகரம். அதே நாட்டின் அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்னும் ஊரில் சிஸ்தெர்சியத் துறவியரின் சிறு மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே இளமையில் பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியாவில் பணியாற்றியவர். அப்போது அவருக்கு நண்பராயிருந்த முஸ்லிம் ஊர்க்காவலர் ஒருவர், தாக்க வந்தவர்களிடமிருந்து அவரைக் காத்தார். அதற்காகவே மறுநாள் கொல்லப்பட்டார். அந்த ஏழை முஸ்லிமின் சாவில்தான் அவர் தம் துறவற அழைத்தலைக் கண்டார்.

1993இல் ஆயுதக் குழுக்கள் அயல்நாட்டாரைக் கொல்லத் தொடங்கின. எனினும் துறவியர் மடத்தை விட்டுப் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலும் 1994 சனவரியிலும் ஷெர்ஜே ஒரு மடல் எழுதி முத்திரையிட்டுத் தம் வீட்டாருக்கு அனுப்பினார். தாம் கொல்லப்படக்கூடும் என்பதை அதில் எதிர்நோக்குகிறார். ஆனால் அச்சாவை அவர் விரும்பவில்லை. தாம் நேசிக்கும் அம்மக்கள் மீது தம் கொலைப்பழி விழுவதில் மகிழ இயலாது என்கிறார். மறைசாட்சி என்னும் அருள் தமக்குக் கிடைக்குமெனில், அதற்காக ஓர் அல்ஜீரியன் கொலைஞன் ஆக வேண்டியிருப்பது மிக அதிகமான விலை என்கிறார். முடிவில், தம்மைக் கொல்லப்போகும் முகமறியா மனிதனைக் கடைசி நேரத்து நண்பன் என விளித்து, அவனுக்கும் சேர்த்து நன்றி கூறுகிறார்.

1996 மார்ச் மாதம் ஏழு துறவியர் இரவில் கடத்தப்பட்டனர். மே 21 அன்று அவர்கள் கொல்லப்பட்டதாகக் கடத்தியோர் பெயரால் அறிவிப்பு வந்தது. யார் கையால், எவ்வாறு என்பதில் ஐயங்கள் இன்னும் தீரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் ஓரான் நகர ஆயர் பியேர் கிளாவெரியும், அவருடைய வண்டியை ஓட்டிய முஸ்லிம் இளைஞரும் ஒரே வெடிகுண்டில் இறந்தனர். 2018 டிசம்பர் 8 அன்று, ஓரான் நகரிலேயே, துறவியரும் ஆயருமாகப் பத்தொன்பது பேர் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். முஸ்லிம் நாடொன்றில் அவ்விழா நடைபெற்றது.

ஷெர்ஜேயின் மடலை அவர் வீட்டார் 1996 மே 26 அன்று பிரித்துப் படித்தனர். அன்று தூய ஆவியார் பெருவிழா.